குளிக்கிற இடத்தில் கரண்டா?

கே: வாக்-இன் ஷவரின் தரையைச் சூடாக்க அதன் அடியில் மின்கம்பி ஓடுமாம். தண்ணீர் விழுந்தால் ஷாக் அடிக்காதா? (ஸ்கார்பரோ வாசகி)

ப: அடிக்காமல் இருக்கத்தான் இத்தனை கெடுபிடி. ஷவருக்குள் போடலாம் என்று தயாரித்தவரே எழுதிக்கொடுத்த கேபிளாக இருக்க வேண்டும். அதன் உலோக உறை எர்த் ஆகியிருக்க வேண்டும். கசிவு வந்தால் கண நேரத்தில் கரண்டை நிறுத்தும் கருவி பிரிட்டனில் 30 மில்லிஆம்பியரில் விழும். உங்கள் கனடாவில் 5 மில்லிஆம்பியரிலேயே. தெர்மோஸ்டாட் ஷவருக்கு வெளியே, ஈரக்கை எட்டாத சுவரில். மச்சானுக்கு எலக்ட்ரிக் வேலை தெரியும் என்பதெல்லாம் லைசென்ஸ் ஆகாது.

கே: சுடுதண்ணீரே தரையைச் சூடாக்கிவிடுமே, பிறகெதற்கு இந்தச் செலவு? (ஹாரோ வாசகர்)

ப: நெத்தியடி. காலுக்காக என்றால் முதல் அரை நிமிடச் சுகம்தான். லாபம் குளித்து முடித்த பிறகு: தரை சீக்கிரம் காயும், வழுக்கல் குறையும், மூலையில் கறுப்புப் பூஞ்சை குடியேற யோசிக்கும். ஆகவே கடைசி ஆள் வெளியே வந்ததும் அணைத்துவிடாதீர்கள். இன்னும் ஒரு மணி நேரம் ஓடட்டும்.

கே: "கேபிள் மேட்டை விரித்து மேலே டைல்ஸ் ஒட்டினால் வேலை முடிந்தது" என்கிறார் டைல்ஸ் போடுபவர். நம்பலாமா?

ப: டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்று நினைக்கிறவரை நம்பாதீர்கள். டைல்ஸ் இடுக்கு வழியே ஈரம் இறங்கியே தீரும். தடுப்பது அடியிலுள்ள வாட்டர்ப்ரூஃபிங். கீழிருந்து வாருங்கள்: சூடு கான்கிரீட்டுக்குள் போய்விடாமல் இன்சுலேஷன் பலகை, வடிகாலை நோக்கி 50-க்கு 1 வாட்டம், கேபிள், அதை மூடும் கலவை, வாட்டர்ப்ரூஃபிங், டைல்ஸ். கேபிளைப் பதிக்கும் விரிப்பே வாட்டர்ப்ரூஃபாக இருக்கும் ரகமும் உண்டு. அங்கே வரிசை மாறும், கையேட்டைப் பாருங்கள். "வாட்டத்தைக் கேபிளுக்கு மேலே கலவை கொட்டிச் சரிபண்ணிக்கலாம்" என்பார். விடாதீர்கள். கலவை தடித்த பக்கம் சூடேறத் தாமதமாகும். இன்னொன்று, மல்டிமீட்டர். விரிக்கும் முன், விரித்த பின், டைல்ஸ் ஒட்டிய பின் என்று மூன்று முறை கேபிளின் ஓம் அளவைப் பார்த்து, லேபிளில் உள்ளதோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். கரணை முனை கம்பியைக் கீறியிருந்தால் அன்றே தெரிந்துவிடும். தெரியாமல் போனால் டைல்ஸை உடைத்துத்தான் தேட வேண்டும்.

கே: கேபிள் நீளமாகிவிட்டது. வெட்டிவிடலாமா?

ப: மேட்டின் வலையை வெட்டித் திருப்பலாம். கம்பியில் கை வைத்தால் மின்தடை குறைந்து, கரண்ட் கூடி, கருகிவிடும். அளந்து வாங்காமல் வாங்கி அளந்தால் இப்படித்தான்.

கே: கரண்ட் பில் எகிறுமா?

ப: ஒன்றரை சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 150 வாட் என்றால் 225 வாட். இரண்டு மணி நேரத்துக்கு அரை யூனிட்கூட இல்லை. 9 கிலோவாட் எலக்ட்ரிக் ஷவரில் உங்கள் பையன் 3 நிமிடம் கூடுதலாகப் பாடினால் அதே கணக்கு. அவனைக் கவனியுங்கள்.

கே: எல்லாம் புதுப்பணக்கார மோகம்தானே?

ப: இங்கிலாந்தின் பாத் நகரில் ரோமானியர் குளியலகத்தைப் போய்ப் பாருங்கள். தரையைத் தூக்கி நிறுத்திய குட்டைத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றுக்கிடையேதான் சூடான காற்று ஓடியது. பணம் பழையதுதான்.

கே: சென்னையில் நாங்களும் போடலாமா?

ப: மே மாதம் மொட்டைமாடித் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு அடியில் நில்லுங்கள். ஊட்டிக்காரர் கேட்டால் யோசிக்கிறேன்.