சறுக்குத் திணை: பனிமலையில் காரைக்காலாரின் முதல் நாள் குறித்து ஓர் ஆய்வு

காரைக்கால் மாவட்டத்தின் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். அதில் மலை கிடையாது, குன்று கிடையாது. பெயரிலேயே மேட்டை வைத்திருக்கும் கிளிஞ்சல்மேட்டிலும் சறுக்கி இறங்கச் சரிவு கிடையாது. உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறவர் கலங்கரை விளக்கத்தில்தான் ஏற வேண்டும். பனி என்றால் மார்கழி விடியலில் கோலத்தின் மேல் இறங்குவது. அதில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்ததாக எந்த ஆஸ்பத்திரியிலும் பதிவில்லை. ஆகவே பனிச்சறுக்கு ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமையாது. களத்தில் சான்றே இல்லாத இடத்தில்தான் முடிவுகள் அசைக்க முடியாதவையாக இருக்கும்.

முதலில் வரலாற்றுப் பின்னணி; அது இல்லாத கட்டுரையை எந்த ஆய்விதழும் வாங்குவதில்லை. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் சொல்லிவிடலாம் என்றது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தாக்களின் வீடுகள் பல அப்படிச் சொல்லின. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரீஸுக்கு வடக்கே சார்செல் போன்ற புறநகர்களில் குடியேறினார்கள். அங்கே குளிர்காலத்தில் பள்ளிக்கு இரண்டு வாரம் விடுமுறை. எல்லோரும் ஒரே நேரத்தில் மலைமேல் குவிந்துவிடாதபடி நாட்டை மூன்று மண்டலமாகப் பிரித்து விடுகிறார்கள். வகுப்போடு பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போகும் பனி வகுப்பு வழக்கமும் 1950களிலிருந்து உண்டு. மகள் அப்படிப் போய்ப் பழகிக்கொண்டு வருகிறாள். அடுத்த ஆண்டு அப்பாவையும் இழுத்துப் போகிறாள். காவிரிக் கடைமடையில் பிறந்த ஒருவர் ஆல்ப்ஸ் மலையின் பச்சைச் சரிவில் வந்து நிற்பது இப்படித்தான்.

(பிரான்சில் சரிவுகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் உண்டு. பச்சை எளியது. கறுப்பு இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது, கட்டுரையாளருக்கும்.)

இத்துறையில் மேலை நாட்டார் செய்த பணி குறைபாடு உடையது. ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்டில் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி என்பவர் சரிவில் தாமே பழகி, செங்குத்தான இடத்தில் இறங்கும் முறையை 1890களில் நூலாக எழுதினார். 1916-இல் பனிச்சரிவில் சிக்கி, ஏறத்தாழ 80 எலும்பு முறிவுகளும் மூட்டு நழுவல்களும் கண்டார். பொருளோடு இவ்வளவு நெருங்கிப் பழகியவரிடம் நடுநிலைமையை எதிர்பார்க்க முடியாது. இக்கட்டுரையோ ஒருமுறைகூட ஸ்கீ பூட்ஸைக் காலில் மாட்டாதவரால் எழுதப்படுவது.

இந்தியத் தரப்பில் 1964 இன்ஸ்பிரக் குளிர்கால ஒலிம்பிக்கில் இறங்கிய போலந்து வம்சாவளியினரான ஜெரமி புயகோவ்ஸ்கியையும், 2022 பெய்ஜிங்கில் நாட்டின் ஒரே வீரராக நின்ற குல்மார்க் பகுதியின் ஆரிஃப் கானையும் குறிப்பிட வேண்டும். இருவரும் காரைக்காலார் அல்லர். இது தற்போதைய நிலை. அடுத்த கருத்தரங்குக்குள் மாறலாம்.

இனி வகைப்பாடு. பனிமலை எந்தத் திணை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மலையும் மலை சார்ந்த இடமும் ஆதலால் குறிஞ்சியே என்பர் ஒரு சாரார்; குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதில் முன்பனி இருப்பதையும் காட்டுவர். சிறுபொழுது யாமம் ஆயிற்றே, யாமத்தில் லிஃப்ட் ஓடாதே என்று மறுப்பர் மறு சாரார் (திண்ணை வாய்மொழி, பக்க எண் இல்லை). நிலத்தை விட்டுவிட்டு உரிப்பொருளைப் பிடித்தால் சிக்கல் தீர்கிறது. முதல் நாளில் விழும் வகைகள் ஏழும் ஏழு திணைக்குள் அடங்குகின்றன, அடங்காதவை இடைச்செருகல்.

குறிஞ்சிக்கு உரியது புணர்தல்: முன்னால் போகிறவர் மேல் மோதுவது. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் பத்து விதிகளில் மூன்றாவது, பின்னால் வருகிறவர்தான் முன்னவருக்கு ஆபத்தில்லாத வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. களவொழுக்கத்துக்கு இடமே இல்லை. மருதத்துக்கு ஊடல்: "யார் சொன்ன யோசனை இது?" என்று மனைவியைக் கேட்பது. நெய்தலுக்கு இரங்கல், விளக்கம் வேண்டாம். ஒரு ஸ்கீ மட்டும் ஆசைப்பட்டுப் போக மற்றது நின்றுவிடுவது கைக்கிளை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாத திசையில் போவது பெருந்திணை.

பாலைக்கு உரிய பிரிதல் சற்று நுட்பமானது. பூட்ஸையும் ஸ்கீயையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பைண்டிங், கால் முறுகும் அளவுக்கு விசை வந்தால் தானே திறந்துகொள்ள வேண்டும். எவ்வளவு விசைக்குத் திறக்க வேண்டும் என்பதை வாடகைக் கடைக்காரர் எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிநீளம், பழக்கம் ஆகியவற்றைக் கேட்டு அமைப்பார். ஐம்பது வயதானால் ஒரு படி இளக்குவார். பின்னால் வரிசையில் ஆள் நிற்கிறதே என்ற கூச்சத்தில் எடையைக் குறைத்துச் சொல்லும் தலைவனுக்குப் பைண்டிங் தளர்வாக அமைந்து, பிரிய வேண்டாத இடத்தில் பிரிவு நேர்கிறது. ஸ்கீயில் பிரேக் முள் இருப்பதால் தலைவி வெகுதூரம் உடன்போவதில்லை.

எஞ்சியது முல்லை. உரிப்பொருள் இருத்தல்: பனியில் உட்கார்ந்துவிடுவது. ஆய்வின் உயிர்நாடி இதுவே. அறிஞர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டதும் இங்கேதான்.

காரைக்கால் அம்மையார் கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறினார் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். கயிலையின் உயரம் 6,638 மீட்டர். அதன் உச்சியை எவரும் தொட்டதாக நவீன மலையேற்றப் பதிவு இல்லை. இதிலிருந்து தலைச் சார்பினர் ஒரு கோட்பாட்டை வடித்தனர். காரைக்காலுக்கும் பனிமலைக்கும் உள்ள உறவை, 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாரோடு நிறுத்தினாலும் அது ஸ்டார்ஸ்கிக்கு எழுநூறு ஆண்டு முந்தியது. அம்மையாரின் 6ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளினால் இன்னும் பழமை. அதற்கும் முன்னே தள்ளினால் அரங்கில் கைதட்டல் கிடைக்கும். எனவே முதல் நாளில் காரைக்காலார் தலைகுப்புற வருவது மரபுத் தொடர்ச்சி (மேற்படி திண்ணை, மழைக்கால மறுபதிப்பு, தூண் ஓரம்).

ஏறியதற்குத்தானே சான்று, இறங்கியதற்கு எங்கே என்று ஒருவர் தடை எழுப்பினார். திருவாலங்காட்டுக்கும் அம்மையார் தலையாலேயே நடந்து வந்து சேர்ந்தார் என்று சேக்கிழார் சொல்வதைக் காட்டி அவரை உட்கார வைத்தார்கள். அவரோ உட்கார்ந்த இடத்திலிருந்தே இருக்கைச் சார்பைத் தொடங்கிவிட்டார். அறுபத்துமூவர் வரிசையில் எல்லோரும் நிற்க, அமர்ந்திருப்பவர் அம்மையார் ஒருவரே. கம்போடியாவில் 967-இல் குடமுழுக்குக் கண்ட பந்தியாய் ஸ்ரெய் கோயிலில், ஆடும் சிவனின் அருகே அவர் இருப்பதும் அமர்ந்த கோலத்தில். ஆக, கடல் கடந்தும் காரைக்காலாரின் இயல்பு இருத்தலே (பெயர் அறியப்படாத உரைகாரர், கரையான் தின்ற ஏடு, மூன்றாம் வரி முதல் கரையான் வரை).

இரு சார்பினருக்கும் சர்வதேசக் கருத்தரங்கு ஒன்று கூட்டப்பட்டது. பதிவுக் கட்டணம் கட்டியவர் எல்லோருக்கும் சான்றிதழ் உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒருவர் கணினித் திரையில் வந்து மைக்கைத் திறக்காமல் பதினைந்து நிமிடம் பேசியதால் "சர்வதேச" என்ற அடையும் காப்பாற்றப்பட்டது. கட்டுரைகள் வாசிக்கப்பட்டன, ஒவ்வொன்றின் தலைப்பிலும் "ஒரு பார்வை" இருந்தது, பார்த்தவர்தான் இல்லை. அம்மையார் தலையால் நடந்தது பணிவு, ஸ்கீயோடு தலைகுப்புறப் போகிறவரிடம் பணிவு ஏது, அவர் அப்போது பேசும் மொழியே வேறல்லவா என்று கேட்ட மாணவர் ஒருவர் நேரமின்மை காரணமாக நிறுத்தப்பட்டார் (காண்க: ஏனாமுக்கு அனுப்பும் வழியில் தொலைந்த சுவடியின் நகல், நகலைப் பார்த்தவரின் மைத்துனர் எழுதிய அணிந்துரை, அணிந்துரைக்கு வந்த மறுப்பில் 14ஆம் அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு, பென்சிலில்).

களச்சான்று இருக்கைச் சார்பினர் பக்கம் நிற்பதை மறுக்க முடியாது, காரணம்தான் வேறு. சரிவைப் பார்த்ததும் உடம்பு பின்னால் சாய்கிறது. எடை குதிகாலுக்குப் போனால் ஸ்கீயின் முன்முனை பனியை அழுத்தாது. அழுத்தாத முனை திரும்பாது. முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, உள்விளிம்பால் பனியைச் சுரண்டி வேகத்தைக் குறைப்பதுதான் முதல் பாடம்; பிள்ளைகளுக்கு இதைப் பீட்சாத் துண்டு என்று சொல்லிக் கொடுப்பார்கள். பின்னால் சாய்ந்தவரின் துண்டு எதையும் சுரண்டாது. வேகம் கூடும், பயம் கூடும், சாய்வு கூடும், பிறகு இருத்தல்.

இதில் டெல்டாக்காரருக்குக் கூடுதல் இடர் ஒன்று உண்டு. ஐப்பசி அடைமழையில் வரப்பில் நடந்து பழகியவருக்கு வழுக்கலை எதிர்கொள்ளத் தெரியும்: பெருவிரலைச் சேற்றில் ஊன்ற வேண்டும். தலைமுறை தலைமுறையாக வந்த இந்த அறிவை அவர் ஆல்ப்ஸ் வரை பத்திரமாகக் கொண்டுபோகிறார். அங்கே பத்து விரலையும் கெட்டியான பிளாஸ்டிக் ஓட்டுக்குள் போட்டுக் கொக்கிகளால் பூட்டிவிடுகிறார்கள். உள்ளே அவர் பெருவிரலை ஊன்றிக்கொண்டே இருக்கிறார். வெளியே ஸ்கீக்குச் செய்தி போய்ச் சேர்வதில்லை. முழங்காலை மடக்கி, கீழ்க்காலின் முன்னெலும்பால் பூட்ஸின் முன்பட்டையை அழுத்தினால்தான் போகும். அதாவது எந்தப் பக்கம் விழப் பயமோ அந்தப் பக்கமே சாய வேண்டும்.

"அப்பா, பின்னாடி சாயாதீங்க. முட்டிய மடக்கி முன்னாடி வாங்க."

"முன்னாடி பள்ளமா இருக்குடி."

"அங்கதாம்ப்பா போவணும்."

இந்த மூன்று வரியில் துறை முழுவதும் அடங்கிவிடுவதால் ஆய்வேடுகள் இவற்றைச் சேர்த்துக்கொள்வதில்லை.

நீரியல் குறித்தும் ஒரு சொல். பனிமேல் ஸ்கீ ஏன் வழுக்குகிறது என்பதைக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பௌடனும் ஹியூஸும் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக்கில் சோதித்து 1939-இல் எழுதினார்கள். உடம்பின் எடை அழுத்திப் பனி உருகுகிறது என்ற பழைய விளக்கம் போதாது. உராய்வின் சூட்டில் உருகும் மெல்லிய நீர்ப்படலத்தின் மேல்தான் ஓடுகிறோம் என்பது அவர்கள் முடிவு. கண்ணுக்குத் தெரியாத அளவு நீரை நம்பிக் காலை வைப்பது கடைமடைக்காரருக்குப் புதிதா என்ன? காவிரி நடுவர் மன்றம் 2007-இல் காரைக்காலுக்காகப் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கியது, உச்ச நீதிமன்றம் 2018-இல் அதைத் தொடவில்லை. சில ஆண்டுகளில் வாய்க்காலுக்கு வந்து சேரும் நீரின் கனத்தோடு ஒப்பிட்டால் ஸ்கீயின் அடியில் உள்ள படலம் வெள்ளம் என்பார் உளர். இதற்கு மேற்கோள் தேவையில்லை. நெடுங்காடு பக்கம் எந்த டீக்கடையிலும் கிடைக்கும்.

இறுதியாக, எழுதல். விழுதலுக்கு ஏழு திணை வகுத்த ஆய்வுலகம் எழுந்திருப்பதைப் பற்றி ஒரு சூத்திரமும் செய்யவில்லை. இடம் குறுகலாகவோ மேலிருந்து வருகிறவர் கண்ணில் படாததாகவோ இருந்தால், விழுந்தவர் கூடிய சீக்கிரம் ஒதுங்க வேண்டும் என்று கூட்டமைப்பின் ஆறாம் விதி மட்டும் அவசரப்படுத்துகிறது. செய்முறை கிடைத்தது மகளிடமிருந்துதான். இரண்டு ஸ்கீயையும் சரிவுக்குக் குறுக்கே, உடம்புக்குக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிப் போட வேண்டும். மேட்டுப் பக்கத்தில் கையை ஊன்றி, இடுப்பை ஸ்கீக்கு மேலே கொண்டுவந்து நிமிர வேண்டும். சரிவை நோக்கி ஸ்கீயை நீட்டிக்கொண்டு எழ முயன்றால் எழுவதற்குள் வண்டி கிளம்பிவிடும். முறை சரியாக இருக்கிறது. அப்பா எழுந்தும் விட்டார். ஆனால் சொன்னவளுக்கு வயது எட்டு, ஆய்வாளர் அடையாள எண் இல்லை, நிறுவனச் சார்பு இல்லை. எனவே மேற்கோள் காட்ட விதி இடந்தரவில்லை. எண்ணுக்கு விண்ணப்பிக்கச் சொல்லலாம் என்று திரும்பினால் ஆளைக் காணோம். லிஃப்டை நாலரைக்கு நிறுத்திவிடுவார்களாம்.