ஜிம்மில் சேர்வது எப்படி, சேர்ந்தபின் போகாமலிருப்பது எப்படி

சேரப்போகும் ஜிம்மைச் சுற்றிப் பார்க்க மதியம் மூன்று மணிக்குப் போங்கள். அந்த நேரத்தில் எல்லா மெஷினும் காலியாக இருக்கும். ஏசி குளிரும். பாட்டு, பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கிற அளவுக்கு அடங்கியிருக்கும். வரவேற்பில் இருக்கும் பெண் உங்களுக்கென்றே ஸ்டீம் ரூம் கதவைத் திறந்து காட்டுவார். மாலை ஆறரைக்குப் போனால் உண்மை தெரிந்துவிடும், சேரமாட்டீர்கள், இந்தக் கையேட்டின் மீதியும் உங்களுக்குப் பயன்படாது.

நான் சொல்வது சென்னை நிலவரம். அண்ணா நகரோ வேளச்சேரியோ அடையாறோ, அமைப்பு ஒன்றுதான். கீழே மருந்துக்கடை, முதல் மாடியில் பல் மருத்துவர், இரண்டாம் மாடியில் ஜிம். லிஃப்ட் உண்டு. ஜிம்முக்கு லிஃப்டில் போவதைப் பற்றி எல்லோரும் ஏற்கெனவே ஜோக் அடித்துவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

கட்டணத்தை வாயால் சொல்லமாட்டார்கள், அட்டையில் காட்டுவார்கள். மாதம் 3,000. மூன்று மாதம் 7,500. வருடம் 15,000. "சார், வருஷத்துக்கு எடுத்தீங்கன்னா ஒரு நாளைக்கு நாப்பத்தோரு ரூபாதான் வருது. ஒரு டீ, ரெண்டு வடை. இந்த ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான்." கணக்கு சரிதான், 365 நாளும் வருகிறவருக்கு. அப்படி ஒருவரை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

2006இல் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் மூன்று ஹெல்த் கிளப்புகளின் வருகைப் பதிவை அலசி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஜிம்முக்குப் போகாமலிருக்கக் காசு கட்டுவது என்பதுதான் அதன் தலைப்பின் சாரம். மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் தலைகாட்டினார்கள். ஒரு முறை போய்வர 17 டாலருக்கு மேல் விழுந்தது. பத்து முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு முறைக்குப் பத்து டாலரோடு முடிந்திருக்கும். நம் 15,000 ரூபாயை மாதம் நான்கு முறை என்று வகுத்துப் பாருங்கள், ஒரு வருகை 312 ரூபாய். டீ வடையில் தொடங்கிய பேச்சு ஏசி ஹாலில் ஃபுல் மீல்ஸுக்கு வந்துவிட்டது. இதையெல்லாம் ஆஃபர் சொன்னவரிடம் சொல்லாதீர்கள். அவருக்கும் மாத இலக்கு இருக்கிறது.

இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள், சும்மா ஒரு பொழுதுபோக்குக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டதே, கட்டணம் குறையுமா? மேலாளரையே கூப்பிடுவார்கள். உள்ளீட்டு வரி வரவு போய்விட்டது, வாடகைக்கும் மெஷினுக்கும் கட்டுகிற வரியைத் திரும்ப எடுக்க முடியாது, ஆகையால்... என்று விளக்குவார். விளக்கத்தில் பொய் இல்லை. கட்டணத்திலும் மாற்றம் இல்லை.

பணம் கட்டியதும் உங்களை ஒரு கருவி மேல் ஏற்றுவார்கள். வெறுங்காலோடு உலோகத் தகட்டில் நின்று இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொள்ள வேண்டும். உடம்பில் மெல்லிய மின்னோட்டம் ஓடும். நீர் நிறைந்த தசை அதை எளிதில் கடத்தும், கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையை வைத்துக் கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவு, உங்கள் உடம்பின் வயது இவ்வளவு என்று ஒரு சீட்டு வரும். நாற்பதைத் தொடாதவர்களுக்கும் ஐம்பத்திரண்டு என்று வரக்கூடும், பதற வேண்டாம். உடம்பில் நீர் வற்றியிருந்தால் இந்தக் கருவி கொழுப்பைக் கூட்டிக் காட்டும். ஆகவே சேருகிற அன்று தண்ணீர் குடிக்காமல் போங்கள். மூன்று மாதம் கழித்து அடுத்த அளவெடுப்புக்கு நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். முன்னேற்றம் நிச்சயம், இடையில் உடற்பயிற்சி எதுவும் தேவையில்லை.

சீட்டில் பிஎம்ஐ என்று ஒன்றும் இருக்கும். உலக அளவில் 25 வரை ஆள் சரி என்பார்கள். இந்தியர்களுக்கு மருத்துவர்கள் 23இலேயே மணி அடித்துவிடுகிறார்கள். இதில் வியாபாரம் இல்லை. நம் ஆட்களுக்குக் கொழுப்பு வயிற்றில் சேர்கிறது, சர்க்கரை நோயும் குறைந்த எடையிலேயே எட்டிப்பார்க்கிறது. ஆனாலும் ஜிம்முக்கு இது வரப்பிரசாதம். 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவரை 72 கிலோ வரை காத்திருக்காமல் 67இலேயே 'ஓவர் வெயிட்' என்று அழைத்துவிடலாம்.

ஷூ, கையுறை, ஷேக்கர், பெல்ட், தோள்பை ஆகியவற்றை உடனே வாங்கிவிடுங்கள். ஷூ ஜிம்முக்கென்றே தனியாக இருக்க வேண்டும், தெருவில் போட்டது கூடாது. இதில் ஓர் ஆறுதல் உண்டு. அந்த ஷூ பழசாகவே ஆகாது.

இனி உள்ளே. நுழைந்ததும் ட்ரெட்மில் வரிசை, ரோட்டைப் பார்த்தபடி கண்ணாடி ஓரமாக. நீங்கள் நடப்பதைச் சிக்னலில் நிற்கும் பேருந்துக்காரர்கள் முழுமையாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இந்தக் கருவியின் முன்னோடியை 1818இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கைதிகளுக்காகச் செய்தார். பெரிய சக்கரம், அதில் படிகள், மேலே ஏற ஏற அது கீழே இறங்கும். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது, பல சிறைகளில் வெறும் காற்றை. 1895இல் கடின உழைப்புத் தண்டனை பெற்ற ஆஸ்கர் ஒயில்டையும் அதில் ஏற்றினார்கள். அவரிடம் சந்தா கேட்கவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். 70 கிலோ ஆள் அரை மணி நேரம் விறுவிறுவென நடந்தால் ஏறத்தாழ 140 கலோரி செலவாகும். ஒரு பெரிய மெதுவடைக்கு அது சரிக்குச் சரி. வடையோடு பொங்கலும் சாப்பிடுகிறவர் என்றால் நடப்பதை நிறுத்தவே கூடாது.

ட்ரெட்மில்லைத் தாண்டினால் எடைகள் இருக்கும் மூலை. அங்கே மாலையில் தம்பிகள் ராஜ்யம். ஒரு பெஞ்சுக்கு மூன்று பேர். ஒருவன் படுத்திருப்பான், ஒருவன் தலைமாட்டில் நின்று "இன்னும் ஒண்ணு மச்சான், இன்னும் ஒரே ஒண்ணு, உன்னால முடியும்டா" என்பான், மூன்றாமவன் வீடியோ எடுப்பான். நீங்கள் பக்கத்தில் போய் நின்றால் மரியாதையாக, "அங்கிள், இன்னும் ரெண்டு செட்தான்" என்பார்கள். இந்த இரண்டு செட்டுக்கு எல்லையில்லை. அங்கிள் என்றதற்கும் வருந்தாதீர்கள், அளவெடுப்புச் சீட்டு அதைவிட மோசமாகச் சொல்லியாயிற்று. முழுநீள ஒலிம்பிக் பார் தனியாகவே 20 கிலோ என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பக்கத்துக்கு ஐந்து கிலோ மாட்டித் தூக்கிவிட்டு "பத்துதான்" என்று அடக்கமாகச் சொல்பவரும் முப்பதுதான் தூக்கியிருக்கிறார்.

கண்ணாடி சுவர் முழுக்க இருக்கும். 2008இல் 'வாரணம் ஆயிரம்' பார்த்துவிட்டு சூர்யாவின் வயிற்றைத் தேடி ஜிம்முக்கு வந்த தலைமுறை ஒன்று உண்டு. அவர்களில் சிலர் இன்னும் அதே கண்ணாடி முன் பனியனைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தசை எல்லோருக்கும் இருக்கிறது. பலர் அதைப் பத்திரமாக மூடி வைத்திருக்கிறோம், அவ்வளவே.

காலை பதினொரு மணி ஸும்பா வகுப்பைத் தூரத்திலிருந்தாவது பாருங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமையலையும் முடித்துவிட்டு வருகிற பெண்கள். முழு ஜிம்மிலும் கட்டிய காசுக்குத் தவறாமல் வருகிறவர்கள் இவர்கள்தான், அதனால் நிர்வாகத்துக்கு இவர்களால் பெரிய லாபம் கிடையாது. காலை ஆறு மணிக்கு வரும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகளும் இதே வகை. சைக்கிளில் சாய்ந்து உட்கார்ந்து, மிதிப்பதைப் போலக் காலை வைத்துக்கொண்டு, வைப்பு நிதி வட்டி விகிதத்தைப் பேசிவிட்டு ஃபில்டர் காபிக்குப் போய்விடுவார்கள். வியர்வை இல்லாவிட்டாலும் வருகை நூற்றுக்கு நூறு.

பயிற்சியாளர் இரண்டாம் நாள் வருவார். "சார், பொதுவா போட்டா ரிசல்ட் வர லேட்டாகும். பி.டி. எடுத்துக்குங்க." தனிப் பயிற்சி எடுத்தால்தான் அவருக்குக் கமிஷன், வெறும் சம்பளத்தில் இந்த ஊரில் வாடகை கொடுக்க முடியாது. அவர்மேல் கோபப்படாதீர்கள். அடுத்து "புரோட்டீன் எடுக்கறீங்களா சார்?" என்பார். நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது ஐசிஎம்ஆர் பரிந்துரை. 70 கிலோ ஆளுக்கு 58 கிராம். பருப்பும் சுண்டலும் தயிரும் முட்டையும் சேர்த்தால் வந்துவிடும். ஆனால் டப்பா வாங்காதவர் ஜிம்முக்குப் போகிறார் என்று யார் நம்புவார்கள்? வே புரோட்டீன் என்பது பாலைத் திரித்துக் கட்டியை எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரிலிருந்து வருவது. வீட்டில் பன்னீர் செய்துவிட்டு அந்தத் தண்ணீரைச் சப்பாத்தி மாவுக்கு ஊற்றும் அம்மாவிடம் டப்பாவின் விலையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வசதிகளில் நான் மனதாரப் பாராட்டுவது ஸ்டீம் ரூம் ஒன்றைத்தான். எதுவுமே செய்யாமல் வியர்க்கலாம். மே மாதத்தில் அதற்கும் காசு கட்டிப் போகிறோம் என்பது சென்னைக்காரர்களின் பெருந்தன்மை.

சரி, போகாமலிருக்கும் கலைக்கு வருவோம். இதில் தமிழர்களுக்கு நாட்காட்டியே துணை. தையில் பொங்கல், உறவினர் வருகை. மாசி, பங்குனியில் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு. அவன் படிக்கும்போது அப்பா வெளியே போய்க் குதித்துக்கொண்டிருப்பது முறையல்ல. சித்திரையில் தொடங்கி வைகாசி பாதி வரை அக்னி நட்சத்திரம். ஜிம்மில் ஏசி இருக்கிறதே என்று யாராவது கேட்டால், வண்டி நிறுத்துமிடத்தில் இல்லை என்று சொல்லுங்கள். ஆனியில் பள்ளிக் கட்டணம். ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது, விட்டதை மறுபடி தொடங்குவதும் தொடங்குவதுதான். ஆவணியில் முகூர்த்தம் முகூர்த்தமாகப் பந்தி. புரட்டாசியில் முட்டை கிடையாது. முட்டை இல்லாமல் பளு தூக்கினால் தசை கரையும் என்று பயிற்சியாளரே சொல்லியிருக்கிறார், அவர் பேச்சை மதித்து வீட்டில் இருங்கள். ஐப்பசியில் மழையும் தீபாவளியும். கார்த்திகையில் மாலை போட்டவர்களுக்கு இருப்பதிலேயே உறுதியான காரணம் கிடைக்கிறது. சாமிமார்கள் செருப்பு போடக் கூடாது, ஜிம்மில் ஷூ இல்லாமல் விடமாட்டார்கள். மார்கழி முழுக்கச் சபா. கச்சேரிக்குப் போகாதவர்களும் கேன்டீனுக்குப் போயாக வேண்டும்.

குற்ற உணர்ச்சி வந்தால் இப்படி யோசியுங்கள். சந்தா கட்டிய அத்தனை பேரும் ஒரே மாலையில் வந்தால் வண்டி நிறுத்துமிடத்திலேயே கைகலப்பு. நீங்கள் வராததால்தான் ஒரு தம்பிக்குப் பெஞ்ச் கிடைக்கிறது, ஓர் அங்கிளுக்குச் சைக்கிள் கிடைக்கிறது. அவர்களுடைய கட்டணத்தில் பாதியை நீங்கள் சுமப்பதால்தான் அது அந்த அளவில் நிற்கிறது. நீங்கள் ஒரு புரவலர். பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டு, கொடி ஒழுங்காகப் படர்கிறதா என்று தினமும் வந்து பார்த்ததாக யாரும் பாடவில்லை.

போவதை நிறுத்தியவுடன் சந்தாவையும் நிறுத்திவிடும் அவசரக்காரர்களோடு சேராதீர்கள். அந்த அமெரிக்க ஆய்வில், கடைசியாக ஜிம்மில் கால் வைத்த நாளுக்கும் சந்தாவை ரத்து செய்த நாளுக்கும் இடையே சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. நாளைக்குப் போய்விடலாம் என்ற நம்பிக்கைக்கு அவர்கள் கட்டிய வாடகை அது. நாம் வருடக் கணக்கில் முன்பணம் கட்டுகிறவர்கள், அவர்களைவிட நம்பிக்கை அதிகம்.

ஓர் எச்சரிக்கை. மாநகராட்சி பல வார்டுகளில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கிறது. பூங்காக்களில் வெட்டவெளியிலேயே கருவிகள் நட்டிருக்கிறார்கள். மயிலாப்பூரில் நாகேஸ்வர ராவ் பூங்கா, தி. நகரில் நடேசன் பூங்கா, விடிகாலையில் மெரினா. சாண்டோ சின்னப்பா தேவர் காலத்துத் தேகப்பயிற்சிச் சாலை பாணியில் கர்லாக்கட்டை சுற்றச் சொல்லித்தரும் ஆசான்களும் தேடினால் கிடைப்பார்கள். தண்டாலுக்கும் பஸ்கிக்கும் பாய்கூட வேண்டாம். இந்தப் பக்கமெல்லாம் போய்விடாதீர்கள். செலவில்லாத இடத்துக்குப் போகாமலிருந்தால் யாருக்கும் கொடை கொடுத்ததாகாது. போதாக்குறைக்குப் பூங்காவில் நடைக்கூட்டம் ஒன்று உங்களைச் சேர்த்துக்கொள்ளும். இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் வீட்டு வாசலில் நின்று, "என்ன சார், உடம்புக்கு முடியலையா?" என்று கேட்பார்கள். அப்புறம் மெலிவதைத் தவிர வேறு வழி கிடையாது.

வருட முடிவில் ஜிம்மிலிருந்து குறுஞ்செய்தி வரும். உங்களை மிகவும் தேடுகிறோம், இன்று புதுப்பித்தால் இரண்டு மாதம் இலவசம். போகாமலிருப்பதற்கு மேலும் இரண்டு மாதம் சும்மா கிடைக்கிறது, விடாதீர்கள். புதுப்பிக்கப் போகும்போது லாக்கர் சாவியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். தொலைந்திருந்தால் 500 ரூபாய். இருந்தால் திறந்து பார்ப்பதற்கு முன் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், போன வருடத்து சாக்ஸ் உள்ளேதான் இருக்கிறது.