கைராசிக்காரக் காளான்

ஒரு மருந்துக்கு ஒரு நோய் என்று கணக்குப் பார்ப்பது ஆங்கில வைத்தியத்தின் கஞ்சத்தனம். பாராசிட்டமாலிடம் போய் முடி கொட்டுகிறது என்று முறையிட்டால் அது கையை விரித்துவிடும். இன்சுலினுக்குச் சர்க்கரையை விட்டால் வேறு உலகம் தெரியாது. கனோடெர்மா காளானுக்கு அந்தக் குறுகிய மனசு கிடையாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, மூலம், மூட்டுவலி, தூக்கமின்மை, புற்றுநோய் என்று யார் வந்தாலும் பந்தியில் உட்காரவைத்து இலை போட்டுவிடும். என்ன நோய் என்று கண்டுபிடிக்கிற சிரமம்கூட வேண்டாம். நோயே இல்லாதவர்களையும் அது ஒதுக்குவதில்லை; அவர்களுக்கு அது வருமுன் காக்கும் மருந்து. கேப்ஸ்யூலில் மட்டுமல்ல, காபிப் பொடியிலும் பற்பசையிலும் சோப்பிலும் கலந்து வருகிறது. காபி குடிக்காமல், பல் தேய்க்காமல், குளிக்காமல் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அதன் அருள் கிட்டாது.

இதைத் தருகிற வைத்தியர்களின் எளிமையும் போற்றத்தக்கது. எம்.பி.பி.எஸ். படிக்க ஐந்தரை வருடம் வேண்டும். காளான் வைத்தியத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கல்யாண மண்டபத்தில் காலை பத்து மணிக்கு மீட்டிங், நடுவே புரொஜெக்டரில் சிறுநீரகம், மதியம் சாப்பாடு. உள்ளே போகும்போது ஓய்வுபெற்ற காசாளராக இருந்தவர் வெளியே வரும்போது கல்லீரல், கணையம், நாளமில்லாச் சுரப்பிகள் எல்லாவற்றிலும் தேறியிருப்பார். கன்சல்டிங் ஃபீஸ் கேட்க மாட்டார். டப்பாவுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும்.

காளானின் குலப்பெருமைக்கு வருவோம். சீனத்தில் லிங்ஷி, ஜப்பானில் ரெய்ஷி. ஷென்னாங் பெயரால் வழங்கும் பழைய சீன மருந்து நூல், ஆறு நிறக் காளான்களை முதல்தர மருந்துகளின் வரிசையில் வைத்து, நெடுநாள் உண்டால் உடம்பு லேசாகும், மூப்பு வராது, சாவே இல்லை என்கிற அளவுக்குப் போகிறது. சாவில்லாமல் இருக்க ஆசைப்பட்ட பேரரசர் சின் ஷி ஹுவாங், கி.மு. 219இல் சூ ஃபூ என்பவரைக் கப்பலேற்றிக் கீழைக்கடலுக்கு அனுப்பினார். பெருஞ்செலவு செய்தும் மருந்து வரவில்லை. ஏன் என்று கேட்டபோது, பெரிய மீன் ஒன்று வழிமறித்துவிட்டது என்று சூ ஃபூ சொன்னதாக வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதிவைத்திருக்கிறார். பேரரசர் அதையும் நம்பினார். கி.மு. 210இல் 49 வயதில் காலமானார். சூ ஃபூ கடலுக்குப் போனவர் போனவர்தான். முதலீடு வாங்குவது, பலன் தாமதமானால் மீன்மேல் பழிபோடுவது, பிறகு கண்ணில் படாமல் போவது என்று இந்தத் தொழிலின் இலக்கணம் முழுவதையும் ஒரே ஆளாக வகுத்துவிட்டுப் போன அவருக்கு எந்த மண்டபத்திலும் ஒரு படம்கூட மாட்டாதது நன்றிகெட்டதனம்.

சீன மருத்துவர் லி ஷிஷென் பெயரை மட்டும் பக்தியோடு சொல்வார்கள். 1596இல் அச்சான அவருடைய மருந்துக் களஞ்சியம் 52 பாகம். அதில் இந்தக் காளானைப் பற்றி அவர் என்ன எழுதினார் என்று யாரும் படித்துக் காட்டுவதில்லை. உளுத்துப்போனதன் மிச்சத்தில் முளைப்பது, மனித உடம்பில் கழலை கிளம்புவது போல. இதைத் தின்றால் சித்தராகலாம் என்பது மடமை என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். பெரியவர்களின் பெயரைச் சொல்வதுதான் மரியாதை. அவர்கள் சொன்னதைச் சொல்லிச் சங்கடப்படுத்தலாமா?

நம் தஞ்சாவூருக்கும் இந்தக் குலத்துக்கும் உறவு உண்டு. 1952 புயலுக்குப் பிறகு அங்கே தென்னைகளில் ஒரு நோய் கண்டது. அடிமரத்தில் வெடிப்பு விட்டுச் செம்பழுப்பு நீர் கசியும், கீழ்மட்டைகள் தொங்கும், மரம் பட்டுப்போகும். கடைசியில் தூரில் பளபளவென்று ஒரு காளான் தலைகாட்டும். தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர் வைத்தார்கள். காரணம் கனோடெர்மா. மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டக்காரர்களின் தூக்கத்தைக் கெடுப்பதும் இதே குடும்பம்தான். தென்னையில் ஏறியவரும் டப்பாவில் ஏறியவரும் ஒரே ஆள் என்று நான் அவதூறு சொல்ல மாட்டேன், பங்காளிகள், அவ்வளவுதான். மரத்தைச் சாய்ப்பதாலேயே மனிதனுக்கு ஆகாது என்று முடிவுகட்டுவதும் நியாயமில்லை. ஆனாலும் குணத்தைப் பாருங்கள். விவசாயி மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, ஒரு சத போர்டோ கலவையை 40 லிட்டர் ஊற்றி, வருடத்துக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு போட்டு விரட்டுகிறார். அந்த அவமானத்தை மனதில் வைத்துக்கொள்ளாமல் அதே விவசாயியின் மூட்டுவலிக்கு மருந்தாகப் பங்காளி வீட்டுக்குள் வருகிறார். இப்போது விரட்டுவதற்கல்ல, வரவேற்பதற்குப் பணம் செலவாகிறது.

விஞ்ஞானிகள் சும்மா இருப்பார்களா? நீரிழிவுக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஐந்து ஆய்வுகளை, மொத்தம் 398 பேர், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் திரட்டிப் பார்த்தது. அதற்கடுத்த வருடம் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று வெளியானது. 84 பேர், 16 வாரம், நாளுக்கு மூன்று கிராம். ஒரு பங்கினருக்குக் காளான், ஒரு பங்கினருக்கு வெற்று மாத்திரை. முடிவில் இரண்டு பக்கமும் சர்க்கரை அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வெற்று மாத்திரையைத் தனக்குச் சமமாக நடத்திய இந்தப் பண்பு வேறு எந்த மருந்துக்கு வரும்? புற்றுநோய் விஷயத்தில் 373 பேரின் விவரங்களைப் பார்த்தவர்கள், கீமோதெரபியோடு துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பதிலாக வேண்டாம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். சான்றின் தரமும் சுமார்தான். மீட்டிங்கில் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். நேரம் போதாதல்லவா?

அடக்கத்துக்கு அமெரிக்காவில் ஒரு சான்று கிடைத்தது. அங்கே கடைகளில் விற்ற 19 கனோடெர்மா சரக்குகளை வாங்கிச் சோதித்த ஆய்வு 2017இல் வெளியானது. லேபிளில் சொன்னபடி இருந்தவை ஐந்து. மற்ற பதினான்கு டப்பாக்களிலும் பெயரை மட்டும் வெளியே நிறுத்திவிட்டு, காளானார் கூச்சத்தால் உள்ளே வராமலே இருந்துவிட்டார் போலும்.

இவற்றையெல்லாம்விட நான் வியப்பது அதன் தோல்வியின்மையைத்தான். சர்க்கரை குறைந்தால் காளானின் வெற்றி. கூடினால் அதுவும் வெற்றி: “உள்ளே ஸ்கேன் பண்ணுதுங்க, நஞ்செல்லாம் வெளியே வருது. இதுக்குப் பேரு ரிஃப்ளெக்‌ஷன்.” அரிப்பு எடுத்தால் ரிஃப்ளெக்‌ஷன், பேதியானால் ரிஃப்ளெக்‌ஷன், தலைசுற்றினால் ரிஃப்ளெக்‌ஷன். எதுவுமே நடக்காவிட்டால் நோய் ஆழமாக இருக்கிறது, டோஸைக் கூட்ட வேண்டும். கல்லீரலைக்கூட இது கெடுக்கும் என்று ஹாங்காங்கிலும் தாய்லாந்திலும் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். காளான் பொடி சாப்பிட்ட ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்ததைத் தாய்லாந்து மருத்துவ இதழ் 2007இல் வெளியிட்டது. அவருக்கு ரிஃப்ளெக்‌ஷன் சற்று அதிகமாகிவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்களுக்கும் இது ரத்தப்போக்கைக் கூட்டலாம் என்கிறார்கள். காளான் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் அந்த மண்டபத்தில் யாரும் சொல்வதில்லை. டாக்டரின் மனம் புண்படக்கூடாது என்கிற கரிசனம்.

சட்டத்தை அவர்கள் மதிக்கும் அழகும் தனி. டப்பாவில் எறும்பு எழுத்தில், மருத்துவப் பயன்பாட்டுக்கானதல்ல என்று அச்சிட்டிருக்கும். நீரிழிவு, புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. வாயால் அறிவிப்பதும் அதில் அடங்கும். ஆனால் ஹாலில் காபி ஆற்றிக்கொண்டே ஒருவர் சொல்வதை எந்த இன்ஸ்பெக்டர் வந்து குறிப்பெடுக்கப் போகிறார்? “சம்பந்தி, நான் மூணு மாசமா சாப்பிடறேன். மாத்திரையெல்லாம் நிறுத்திட்டேன். நீங்களும் ஒரு தடவை பாருங்களேன்.” பெண் கொடுத்த இடம். மறுக்க முடியுமா? வாய்மொழி மரபு அழிந்துவிட்டது என்று கவலைப்படும் பேராசிரியர்கள் இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஒருமுறை வந்து போகலாம்.

அடுத்த மாதம் டப்பாவின் விலை கையைக் கடிக்கும்போதுதான் காளானின் முழுக் கருணையும் தெரியவரும். “நீங்க ஏன் காசு கொடுத்து வாங்கணும்? ரெண்டு பேரைச் சேர்த்துவிடுங்க, உங்களுக்கு ஃப்ரீயா வந்துரும்.” நோயாளியை வைத்தியராக உயர்த்துகிற வைத்தியம் இது ஒன்றுதான். ஆள் சேர்த்து அதிலேயே காசு பார்க்கும் பிரமிட் திட்டத்தை 2021ஆம் வருட நேரடி விற்பனை விதிகள் தடை செய்திருக்கின்றன. ஆனால் இது பிரமிட் இல்லையாம், குடும்பமாம். அப்லைன் அண்ணன், டவுன்லைன் தம்பி. சம்பந்தி எனக்கு அண்ணனாகிறார், நான் என் மைத்துனனைத் தேடிப் போகிறேன்.

குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. சம்பந்தி வீட்டாருக்கு எட்டாத இடம் எது என்று போடவில்லை.