ஊக்கதிகாரம்

வாழ்க்கையைத் தொடங்க என்னென்ன வேண்டும் என்று கேட்டால் நம்மவர்கள் நீளமாக ஒரு பட்டியல் போடுவார்கள். கல்யாணச் சீர்வரிசை கட்டிலில் தொடங்கிக் கிரைண்டரைத் தாண்டியும் போகும். நாடகம் போட ஆசைப்படுபவர் அரங்கம், விளக்கு, புரவலர் என்று அடுக்குவார். இப்பட்டியல்களில் எழுதப்படாத, ஆனால் இவை அனைத்தையும் தாங்கி நிற்கிற பொருள் ஒன்று உண்டு, அது ஊக்கு என்பதே இவ்வாய்வின் துணிபு. பின், பின்னூசி, சேஃப்டி பின் என்று வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் மாறினாலும் பொருள் ஒன்றே. தொடங்கும்போது எதுவும் முழுதாக இருப்பதில்லை. சட்டை தொளதொளக்கும், திரைக்கு ஓரம் அடித்திருக்காது, செருப்பு வார் அறுந்திருக்கும். குறையைத் தீர்க்கத் தையற்காரர், தச்சர், வங்கி மேலாளர் எனப் பலர் உண்டு. குறையோடேயே அன்றைய பொழுதை நடத்திவைக்க ஊக்கைத் தவிர வேறு ஆளில்லை.

முதலில் சொல்லாராய்ச்சி. ஊக்கு என்பது ஹூக் என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பாரும் உளர். அது பொருந்தும், ஆயினும் இக்கட்டுரைக்கு உதவாது. ஊக்கம், ஊக்குதல் ஆகிய நல்ல தமிழ்ச் சொற்கள் பக்கத்திலேயே இருக்க, கடல் கடந்து வேர் தேடுவானேன்? திருக்குறளின் 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. பத்துக் குறளில் ஒன்றிலாவது ஊக்கு பேசப்படவில்லையே என்று கேட்கலாம். யாவரும் அறிந்ததைப் புலவர் சொல்லாமல் விடுவது மரபு என்க.

வரலாறு இன்னும் உறுதியான தரை. வில்லும் கொளுவியும் கொண்ட ஆடை ஊசிகளைக் கிறிஸ்து பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மைசீனிய கிரேக்கர்கள் வெண்கலத்தில் செய்தார்கள். அவற்றின் அரசியல் வலிமைக்குக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சாட்சி: ஏஜினாத் தீவுப் போரிலிருந்து ஒருவன் மட்டும் உயிரோடு ஏதென்ஸ் திரும்ப, எங்கள் கணவர்கள் எங்கே என்று கேட்டுக் கேட்டே பெண்கள் அவனை ஆடை ஊசிகளால் குத்திக் கொன்றார்களாம். ஊர்ப் பெரியவர்கள் அதிர்ந்துபோய், ஊசியே தேவைப்படாத அயோனிய உடைக்குப் பெண்களை மாற்றினார்கள் என்கிறார். இன்றைய ஊக்கின் தந்தை நியூயார்க்கின் வால்டர் ஹண்ட். 15 டாலர் கடனை அடைக்க வழி தேடி ஒரு கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தபோது யோசனை பிறந்தது என்பார்கள். 1849 ஏப்ரல் 10இல் காப்புரிமை கிடைத்தது; 400 டாலருக்கு அதை விற்றுவிட்டார். ஒரே கம்பி: ஒரு முனையில் சுருள், மறுமுனையில் கூர், கூர்முனையை மூடக் கொளுவி. இதே மனிதர் அதற்கு முன்பே தையல் இயந்திரம் ஒன்றையும் செய்து, காப்புரிமை வாங்காமலே விட்டவர் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். தையலைக் கைவிட்டவர் ஊக்கில் நின்றார். இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேறென்ன வேண்டும்?

இனி நடைமுறைச் சான்று. தமிழ்நாட்டுத் தாலிச் சரடுகளில் குண்டு, காசுகளுக்கு இணையாக இரண்டு மூன்று ஊக்குகள் தொங்குவதை எவரும் காணலாம். புரோகிதர் மந்திரத்தில் அவற்றுக்கு இடமில்லை, வாழ்க்கையில் உண்டு. பாவாடைக்கு நாடா கோப்பது, காலில் தைத்த முள்ளை எடுப்பது, அடைத்துக்கொண்ட கேஸ் பர்னரின் கண்ணைத் திறப்பது, செல்போனிலிருந்து சிம் தட்டை வெளியே தள்ளுவது, பேருந்து நிறுத்தத்தில் அறுந்த ஹவாய் செருப்பை வீடுவரை கொண்டுசேர்ப்பது ஆகிய அனைத்தும் அந்தச் சரட்டிலிருந்தே நிறைவேறுகின்றன. கலைத்துறையில் இதன் ஆட்சி இன்னும் பெரிது. பள்ளி ஆண்டு விழாவில் பாரதியாரின் தலைப்பாகை, கண்ணகியின் முந்தானை, சிவபெருமானின் புலித்தோல் எல்லாம் மேடையில் நிலைத்திருப்பது நடிப்பால் அன்று. 1977இல் லண்டன் பங்க் இசைக்காரர்களுக்காக ஓவியர் ஜேமி ரீட் இங்கிலாந்து அரசியின் படத்தில் உதட்டிலேயே ஊக்கைக் குத்தினார். அது அரசியின் வெள்ளிவிழா ஆண்டு. மாரத்தான் வீரரின் எண் அட்டையை 42.195 கிலோமீட்டருக்கும் பிடித்துவைப்பவை வழக்கமாக நான்கு ஊக்குகள். பயிற்சியாளர் யாரும் அவற்றுக்கு நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று. பாட்டிமார் பதினெட்டு முழப் புடவையை ஊக்கு இல்லாமலே கட்டி வயல் வேலையும் பார்த்தார்களே? உண்மை, மறுக்க வழியில்லை. ஆனால் அவர்களிடம் இடுப்புச் செருகல் என்ற கலை இருந்தது, அதைக் கற்கச் சிறுவயது முழுதும் தேவைப்பட்டது. அந்தக் கலையை அரை நிமிடத்தில் ஈடுசெய்வதுதான் ஊக்கு. வேட்டிக்காரர்கள் இதை எள்ளி நகையாட வேண்டாம். அவர்கள் இப்போது ஒட்டும் பட்டை வைத்த ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டியில் நிற்கிறார்கள். ஊக்கு தற்காலிகம்தானே, ஊசிநூலே நிரந்தரம் என்பது அடுத்த வாதம். சாயங்காலம் தைத்துக்கொள்ளலாம் என்று காலையில் குத்திய ஊக்கு தீபாவளி வரை அதே இடத்தில் துருப்பிடித்து இருப்பதைக் கண்ணால் கண்டவர்கள் இவ்வாதத்தை எழுப்பமாட்டார்கள். துரு ஏறும், துணியில் கறை படியும், சில வேளை குத்தவும் செய்யும், ஒப்புக்கொள்கிறோம். கண்டுபிடித்தவருக்கே 400 டாலருக்கு மேல் பயன்படாத பொருள் மற்றவருக்கு எப்படி வாழ்வாதாரம் ஆகும் என்பாருக்கு, ஹண்ட் அதைத் தன் சட்டையில் குத்திக்கொள்ளாமல் விற்றதே பிழை என்பது விடை.

தீராத சிக்கல் ஒன்று மிச்சமிருக்கிறது. பெட்டிக்கடையில் ஊக்குகள் கொத்தாகத் தொங்குகின்றன. ஒரு பெரிய ஊக்கில் மற்றவை கோக்கப்பட்டிருக்கும். கொத்து ஒரு டஜன் என்றால், கோத்திருக்கும் அந்தப் பெரிய ஊக்கு பன்னிரண்டில் சேருமா, பதின்மூன்றாவதா? கடைக்காரர்கள் சேரும் என்கிறார்கள். வாங்குபவர்கள் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.