எஸ்ஏ என்று ஓர் ஆள்

தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்பது திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனிக்கும் தெரியாது. டெய்லர் வராவிட்டால் அவருடைய கத்தரிக்கோல் அடுத்தவருக்குப் போகும். ஆபீஸ் ஆள் வராவிட்டால் கம்ப்யூட்டர் போகும். ஸ்டோர்ஸில் எனக்கு வாய்த்தது அப்படி ஒன்று. சிபியூவைக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு குழந்தை ஜட்டிக்கு ஆகிற பஞ்சு விழும்.

முன்பிருந்தவர் அதை அணைத்ததே இல்லையாம். மாடியிலிருந்து இறக்கி, என் மேஜையில் வைத்து ஆன் செய்ததும் துணி இருப்பு புரோகிராம் ஒரு பெட்டியை நீட்டியது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘எஸ்ஏ’. பாஸ்வேர்டு இடம் காலி.

“யாரு தம்பி இந்த எஸ்ஏ? நம்ம சம்பள லிஸ்ட்ல அப்படி ஆளே இல்லையே?” என்றார் டைம் கீப்பர்.

ஆள் இல்லைதான். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வரோடு கூடவே பிறக்கிற தலைமை நிர்வாகி அவர். நிட்டிங்குக்குப் போன நூல் எத்தனை கிலோ, சாயப்பட்டறையில் கிடக்கிற துணி எத்தனை ரோல், காம்பேக்டிங்கில் எடை எவ்வளவு குறைந்தது, எல்லாம் அவர் கஸ்டடியில். அவர் மனது வைக்காமல் ஒரு டெலிவரி சலான்கூடப் போட முடியாது.

முன்பிருந்தவருக்குப் போன் போட்டேன். “எனக்கெப்படிங்க தெரியும்? நான் வேலைக்கு வர்றப்பவே தெறந்துதானுங்க கெடந்துச்சு” என்றார். புரோகிராம் எழுதிக்கொடுத்தவரோ இப்போது பெருமாநல்லூர் பக்கம் எலாஸ்டிக் வியாபாரம். “விபி சிக்ஸ்ல பண்ணுனதுங்க. அது போன ஜென்மமுங்க” என்று சொல்லிவிட்டு, எங்கள் ஆர்டருக்கு எலாஸ்டிக் வேண்டுமா என்று விசாரித்தார்.

பிறகு கம்பெனியே என் முதுகுக்குப் பின்னால் திரண்டது. மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் ‘30 24 160’ என்று இருக்க, இதுதான் என்று ஆளாளுக்குக் குதித்தார்கள். நிட்டிங் மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, “டயா 30, கேஜ் 24, ஜிஎஸ்எம் 160. சிங்கிள் ஜெர்சிங்க” என்று சொல்லி விட்டுப் போனார். அதையும் அடித்துப் பார்த்தோம். முதலாளியின் கார் நம்பர், அவருடைய குலதெய்வம் என்று வரிசையாகப் போயிற்று. செக்கிங் அக்கா ஒருவர், சிவன்மலை முருகன் யார் கனவிலாவது வந்து சொன்னால்தான் உண்டு என்றார். அங்கே பக்தரின் கனவில் வந்த பொருளைத்தான் உத்தரவுப் பெட்டியில் வைக்கிறார்கள். ஆனால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமெல்லாம் கனவில் தெளிவாக வருமா என்பது என் சந்தேகம்.

பழைய பதிப்புகளில் எஸ்ஏவுக்கு பாஸ்வேர்டே வைக்காமல் விடலாம். பலர் அப்படியே விட்டிருந்தார்கள். 2002 மே மாதம் ஒரு கம்ப்யூட்டர் புழு, பாஸ்வேர்டைக் காலியாக விட்டு எஸ்ஏ பெயரில் ஊர் ஊராகக் கதவைத் தட்டி, ஆயிரக்கணக்கான சர்வர்களுக்குள் புகுந்தது. நானும் அந்தப் புழுவைப் போலக் காலியாகத் தட்டினேன். திறக்கவில்லை.

கோவையில் இன்ஜினியரிங் படிக்கிற முதலாளி மகன், “ஸ்காட், டைகர் போட்டுப் பாருங்கண்ணா” என்றான். ஆரக்கிள் கம்பெனியின் ஆரம்பகால ஊழியர் புரூஸ் ஸ்காட். அவர் மகளின் பூனைக்குப் பெயர் டைகர். அதுவே பாஸ்வேர்டாகி, உலகமறிந்த ரகசியமாகப் பல வருஷம் ஓடியது. ஆனால் அது வேறு கம்பெனிப் பூனை.

கடைசியில் கைகொடுத்தது மைக்ரோசாஃப்டே. எஸ்க்யூஎல் சர்வரை நிறுத்திவிட்டு, ‘ஒரே ஆள்’ முறையில் மறுபடி கிளப்பினால், விண்டோஸுக்கு அட்மினாக இருப்பவரை டேட்டாபேஸுக்கும் அட்மினாக ஏற்றுக்கொள்ளும். உள்ளே போய் எஸ்ஏவுக்குப் புது பாஸ்வேர்டு கொடுத்துவிடலாம். முதலாளி சரி என்றதும் அதைத்தான் செய்தேன். செய்தால், ‘ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கிறார்’ என்று பதில் வந்தது. கேட்டில் இருக்கிற கைரேகை மெஷினின் அட்டெண்டன்ஸ் புரோகிராமும் இதே சர்வரில்தான் குடியிருக்கிறது. டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறவர் மாதிரி, இருந்த ஒரே சீட்டை ஒவ்வொரு தடவையும் அதுவே பிடித்தது. டீ டைமில் அதன் ஒயரைப் பிடுங்கினேன். டீ ஆறுவதற்குள் எஸ்ஏ வழிக்கு வந்துவிட்டார்.

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். “வெளிய நிக்கிற துணி எல்லாத்தையும் காட்டுங்க தம்பி.” காட்டினேன். பட்டியலின் அடியில் ஒரு பழைய வரி: நேவி ப்ளூ, 612 கிலோ, சாயத்துக்குப் போன தேதி 2011 ஜனவரி. திரும்பி வந்த தேதி இல்லை. அந்த மாதக் கடைசியில்தான், நொய்யலில் சாயக்கழிவு கலப்பதற்காகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச்சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. துணி அந்த நேரத்தில் உள்ளே மாட்டியிருக்கும்.

“இத வசூல் பண்ணலாமுங்கண்ணா, சலான் நம்பரே இருக்குது” என்றேன் உற்சாகமாக.

அவர் சாயப்பட்டறையின் பெயரைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். போன வைகாசியில் அந்த வீட்டுக்குத்தான் பெண்ணைக் கொடுத்திருக்கிறார்.

“அக்கா பாத்துட்டாங்களா?” என்று கேட்டார். முதலாளியம்மாவைத்தான். சீர்வரிசைப் பேச்சில் இரண்டு வீட்டுக்கும் ஏற்பட்ட மனஸ்தாபம் செக்கிங் டேபிள் வரைக்கும் தெரியும்.

“இல்லீங்க.”

“அப்ப புதுசா ஒரு பாஸ்வேர்டு போட்டு மூடிருங்க. அக்காவுக்கு வேணுங்கற கணக்க நீங்களே எழுதிக் குடுங்க.”

“என்ன பாஸ்வேர்டு போடட்டுமுங்க?”

“என்னமோ போடுங்க. எனக்குச் சொல்லாதீங்க. தெரியாதுன்னு நாளைக்கு நான் சத்தியம் பண்ணோணுமல்லோ?”