மாணவ ஏமாற்றவியல்: ‘மோபி டிக்’ நாவலை முன்வைத்து ஒரு தொடக்க ஆய்வு

அமெரிக்கப் பள்ளிகளில் ஹெர்மன் மெல்விலின் ‘மோபி டிக்’ நாவலைப் பாடமாகப் படிக்க நேர்ந்த மாணவர்க்கு உண்டாகும் மனத்தளர்ச்சி இதுகாறும் உரிய கவனம் பெறவில்லை. நாவலைப் பற்றிய ஆய்வேடுகளுக்குப் பஞ்சமில்லை. அதைக் கையில் பிடித்தபடி கொட்டாவி விட்டவனைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. அக்குறையைக் களைவதே ஈண்டு எம் நோக்கம்.

முதற்கண் நோய்நாடுவோம். காலைக் கடித்துத் துண்டித்த வெள்ளைத் திமிங்கலத்தைப் பழிவாங்கக் கடலெல்லாம் தேடுகிறான் ஒரு கேப்டன். இப்படிக் கதை சொன்னால் எந்த மாணவன்தான் ஆசைப்பட மாட்டான்? நாவலில் அத்தியாயங்கள் 135. கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதே 22இல்தான். கேப்டன் ஏஹாப் மேல்தளத்தில் தலைகாட்டுவது 28இல். அந்த வெள்ளைத் திமிங்கலம் கண்ணில் படுவதோ 133இல்! அதையும் சேர்த்து மூன்றே அத்தியாயங்களில் துரத்தல், மோதல், கப்பல் மூழ்கல், மங்களம். பந்தியில் உட்கார வைத்து வாழையிலையின் தாவரவியலை விரிவாக நடத்திவிட்டு, கைகழுவப் போகும்போது சோறு போட்டதற்கு இது ஒப்பாகும்.

அத்தாவரவியலுள் 32ஆம் அத்தியாயம் தனித்து நோக்கற்பாலது. திமிங்கலங்களைப் புத்தகங்களாகப் பாவித்து ஃபோலியோ, ஆக்டேவோ, டியோடெசிமோ என்று தாள் அளவால் இனம் பிரிக்கிறார் மெல்வில். லின்னேயஸ் சொன்னதையும் தள்ளிவிட்டுத் திமிங்கலம் மீனே என்று சாதிக்கிறார். (இதை நம்பி விலங்கியல் தேர்வில் எழுதியவன் கதி என்ன ஆயிற்றோ!)

அவர் காட்டிய வழியில் ஏமாற்றத்தையும் தாள் அளவால் வகுக்கலாம். மேற்படி 32ஆம் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடி வைப்பவனுடையது கிரவுன் அளவு ஏமாற்றம், சேதம் குறைவு. 1958 முதல் விற்பனையாகும் கிளிஃப்ஸ்நோட்ஸ் என்னும் நோட்ஸை வாங்கி ஒப்பேற்றுபவனுடையது டெம்மி. முழுவதையும் படித்துவிட்டு, ‘வெண்மை எதைக் குறிக்கிறது?’ என்ற வினாவுக்கு மதிப்பெண் இழப்பவனுடையதே ராயல். வெண்மை ஏன் அச்சுறுத்துகிறது என்று 42ஆம் அத்தியாயம் முழுக்க யோசித்தும் கதைசொல்லி இஷ்மாயில் ஒரு விடையில் நிற்பதில்லை. ஆசிரியரிடம் மட்டும் அது ஒரே வரியில் தயாராக இருக்கிறது.

மாணவரின் ரசனைக் குறைவே காரணம் என்பார் கூற்று பொருந்தாது. 1851இல் லண்டன் பதிப்பில், இஷ்மாயில் உயிர்தப்பியதைச் சொல்லும் பின்னுரை விடுபட்டுப் போனது. கப்பலோடு எல்லோரும் மூழ்கிவிட்டால் இந்தக் கதையைச் சொல்வது யார் என்று அங்கிருந்த விமர்சகர்களே சினந்தார்கள். அமெரிக்காவில் மெல்விலின் ஆயுட்காலத்தில் விற்றவை ஏறக்குறைய 3,200 பிரதிகள். அவர் நியூயார்க் சுங்கத்துறையில் 19 ஆண்டுகள் வேலை பார்த்து, 1891இல் காலமானார். நாவலின் புகழ் 1920களில்தான் எழுந்தது. ஒரு தேசமே எழுபது ஆண்டு எடுத்துக்கொண்ட வேலையை ஒரு பருவத் தேர்வுக்குள் முடி என்று பையனிடம் சொல்வது என்ன நியாயம்?

நாவலுக்கும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைப்பது ஆய்வறமன்று. 60ஆம் அத்தியாயம் ஈட்டியில் கட்டும் கயிற்றைப் பற்றியது. படகுக்குள் அது எப்படிச் சுற்றி ஓடும், யார் யாரை எப்படி இழுத்துப் போகும் என்பதே செய்தி. மாணவன் தயங்காமல் தாண்டும் பக்கங்கள் இவை. கடைசியில் அந்தக் கயிறுதான் ஏஹாபின் கழுத்தில் சுற்றி அவனைக் கடலுக்குள் இழுத்துச் செல்கிறது. அவசரமில்லாமல் படித்தவனுக்கு அந்த இடத்தில் முதுகு சில்லிடும். நாளைக்குத் தேர்வு என்று புரட்டியவனுக்கு அது வெறும் கயிறு.

ஆகவே பாடத்திட்டக் குழுவினர்க்கு எம் பரிந்துரை: நாவல் இருக்கட்டும், தேர்வை எடுத்துவிடுங்கள். அது முடியாதென்றால், 32ஆம் அத்தியாயத்திலிருந்து ஒரு மதிப்பெண் வினாவையாவது கேட்காதீர்கள்.