சிங்கத்துக்கு நாய்க்கால்

1838 ஜூன் 28. விக்டோரியாவுக்கு முடிசூட்டு விழா. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஐந்து மணி நேரம் சடங்கு நடந்தது. கிரீடம், செங்கோல், ஆர்ச்பிஷப், விழுந்து எழுந்து கும்பிட்ட கிழட்டுப் பிரபுக்கள் என்று எல்லாம் முடிந்தது. அரண்மனைக்குத் திரும்பிய பத்தொன்பது வயது மகாராணி நேரே போய்த் தன் நாய் டேஷைக் குளிப்பாட்டினாராம். ஐந்து வருஷத்துக்கு முன்பே அதற்குச் சிவப்புச் சட்டையும் நீலக் கால்சராயும் மாட்டி அழகு பார்த்துத் தன் டைரியிலும் எழுதி வைத்தவர் அவர். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இப்பேர்ப்பட்ட மகாராணிக்கு ஏற்ற ஓவியரையும் கடவுள் முன்கூட்டியே படைத்திருந்தார். 1802இல் லண்டனில் பிறந்த எட்வின் லாண்ட்சீர். அப்பா ஜான், தகட்டில் படம் செதுக்குபவர். ஐந்து வயதில் மகன் பென்சிலால் கிறுக்கியதையெல்லாம் வயதைக் குறித்துப் பத்திரப்படுத்தினார். அவற்றில் சில இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1815இல், பதின்மூன்று வயதில், பையனின் படங்கள் ராயல் அகாடமி கண்காட்சியில் தொங்கின. அகாடமியின் பள்ளியில் ஃபியூசெலி என்ற முதிய ஓவியர் வகுப்புக்குள் நுழைந்ததும் “எங்கே என் நாய்ப் பையன்?” என்று தேடுவாராம். நம் ஊர் வாத்தியார் அப்படிக் கூப்பிட்டிருந்தால் பையனின் அப்பா அரிவாளோடு பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பார். லாண்ட்சீர் வீட்டில் பெருமைப்பட்டார்கள்.

நாயை வரைவது லேசுப்பட்ட வேலையில்லை. மனுஷன் என்றால் மூச்சைப் பிடித்து, தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு, மணிக்கணக்காக உட்காருவான். தன் அழகு சந்ததிகளுக்குப் போய்ச் சேரவேண்டும் என்ற கவலை நாய்க்குக் கிடையாது. ஈ பறந்தால் எழுந்து போய்விடும். அது போவதற்குள் காதின் மடிப்பு, மூக்குக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம், கழுத்தின் சாய்வு எல்லாவற்றையும் பென்சிலில் பிடித்தாக வேண்டும். ஆயில் பெயின்ட் நேர் எதிர். காய்வேனா என்று அடம்பிடிக்கும். அந்த அடத்தையே லாபமாக்கலாம். அடியில் இருட்டு நிறத்தைப் பூசி, ஈரம் போகுமுன் அதன்மேல் வெளிர் நிறத்தை இழுத்தால் முடி தானாக எழும். கடைசியில் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது விழுந்ததும் நாய் நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடும். இறகு செருகிய தொப்பியோடு இரண்டு ஸ்பேனியல் நாய்களை லாண்ட்சீர் இரண்டே நாளில் முடித்துக் கொடுத்திருக்கிறார்.

மனுஷர்கள் விஷயத்தில்தான் அவர் கை தந்தியடித்தது. ராணியைக் குதிரைமேல் வைத்து வரையச் சொன்னார்கள். வருஷக்கணக்காக இழுத்தும் அந்தப் படம் முடியவேயில்லை. குதிரையால் தாமதம் ஆகியிருக்காது என்பது என் ஊகம்.

1840களில் வரைந்த வின்ட்ஸர் கோட்டைப் படத்தைப் பாருங்கள். வரவேற்பறை. வேட்டையிலிருந்து வந்த ஆல்பர்ட், ராணியின் கணவர், பூட்ஸோடு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். ராணி கையில் பூச்செண்டோடு நிற்கிறார். கம்பளம் முழுக்கச் செத்த பறவைகள். குழந்தை இளவரசி அதில் ஒன்றை எடுத்து விளையாடிக்கொண்டிருக்கிறாள், பெற்றவர்கள் கண்டுகொள்ளவில்லை. நம் வீட்டுப் பாட்டி அந்த அறையில் இருந்திருந்தால் அன்றைக்கே சாம்ராஜ்யம் ஆட்டம் கண்டிருக்கும். மனிதர்கள் மெழுகுபோல இருக்க, நாய்கள் மட்டும் உயிரோடிருக்கின்றன. ஆல்பர்ட்டை நிமிர்ந்து பார்க்கும் ஈயோஸின் முகத்தில்தான் அந்தக் குடும்பத்தின் மொத்தப் பாசமும் இருக்கிறது.

ஈயோஸ், ஆல்பர்ட் ஜெர்மனியிலிருந்து கூட்டி வந்த கறுப்பு வேட்டை நாய். ஆல்பர்ட் கட்டிக்கொண்டது சொந்த அத்தை மகளை. ஆக, மாப்பிள்ளை வீட்டுச் சீராக வந்தது நாய் ஒன்று. 1841 கிறிஸ்துமஸுக்கு ராணி அதை லாண்ட்சீரிடம் ரகசியமாக வரையச் சொல்லிப் பரிசளித்தார். பக்கத்தில் ஆல்பர்ட்டின் தொப்பியும் கையுறையும் உண்டு, ஆல்பர்ட் இல்லை. விவரமான ஏற்பாடு. அடுத்த மாதமே ஃபெர்டினாண்ட், ராணிக்குத் தாய்மாமன், ஆல்பர்ட்டுக்குச் சித்தப்பா, வேட்டைக்குப் போன இடத்தில் குறி தவறி ஈயோஸைச் சுட்டுவிட்டார். நாய் பிழைத்துக்கொண்டது. உறவும் எப்படியோ பிழைத்தது.

லாண்ட்சீரின் உதவியோடு ராணியும் கணவரும் செப்புத்தகட்டில் ஊசியால் கீறிப் படம் போடக் கற்றார்கள். குழந்தைகளையும் நாய்களையும் கீறித் தள்ளினார்கள். வின்ட்ஸரில் அச்சுக்குக் கொடுத்தபோது அங்கிருந்த வேலையாள் கூடுதலாகச் சில பிரதிகள் எடுத்துக்கொள்ள, அவை கைமாறி, ஸ்ட்ரேஞ்ச் என்ற பதிப்பாளர் கண்காட்சி வைத்துப் பட்டியலும் விற்கத் தயாராகிவிட்டார். ஆல்பர்ட் கோர்ட்டுக்குப் போய் 1849இல் தடை வாங்கினார். 1890இல் வாரன், பிராண்டைஸ் என்ற இரண்டு அமெரிக்க வக்கீல்கள் தனியுரிமை பற்றிப் புகழ்பெற்ற கட்டுரை எழுதியபோது இந்த வழக்கைத்தான் முக்கியத் தூணாக நட்டார்கள். உங்கள் போனை யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்ற உரிமைக்குப் பின்னால் அரண்மனை நாய்களும் கொஞ்சம் குரைத்திருக்கின்றன.

1858இல் யாருக்கோ விபரீத யோசனை. லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் நெல்சன் தூணுக்குக் கீழே நான்கு சிங்கங்கள் வேண்டும், லாண்ட்சீர் செய்யட்டும். அதுவரை அவர் சிற்பமே செய்ததில்லை. சரி என்றார். மிருகக்காட்சிச் சாலையில் சிங்கம் செத்தால் சொல்லி அனுப்பச் சொன்னார். ஒருநாள் விருந்து நடக்கும்போது வேலைக்காரன் உள்ளே வந்து, ஐயா சிங்கம் ஏதாவது சொல்லியிருந்தீர்களா என்று பணிவாகக் கேட்டதாக ஒரு கதை உண்டு. வந்த சிங்கம் நாறிப்போகும்வரை பார்த்துப் பார்த்து வரைந்தார். 1867இல் ஒருவழியாக வெண்கலச் சிங்கங்கள் வந்து உட்கார்ந்தன. விஷயம் தெரிந்தவர்கள் சுற்றிவந்து பார்த்தார்கள். படுத்த சிங்கத்துக்கு முதுகு இப்படிக் குழியாதே என்றார்கள். குனிந்து பாதத்தைப் பார்த்தவர்கள், இது நாயின் கால் என்றார்கள். அந்தப் பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

1873இல் லாண்ட்சீர் இறந்தபோது ஊரே துக்கம் காத்தது. அந்த நான்கு சிங்கங்களுக்கும் மலர்வளையம் மாட்டினார்கள். நான்கில் ஒன்றுகூட அதைக் கடித்துக் குதறவில்லை. அந்த அளவில் அவை நாய் இல்லை என்று ஒப்புக்கொள்ளலாம்.